நத்தார்ப் போறணை

லிங்கநகர்,
திருகோணமலை.
01.12.2024

அன்பின் தாஹிர் அவர்கட்கு,

நான் தம்பிராசா. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவன், சீலாவின் கணவன். மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்தாறு தடவை போன் எடுத்தேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. ஆகையால் கடிதம் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயில் சபை இந்த வருடம் 'பழைய நத்தார்' என்று ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறது. தலைவர் நான்தான். இப்போதைய நத்தாரின் சீர் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேக் சுப்பர்மார்க்கற் பெட்டியில் வருகிறது. கரோல் வட்ஸப்பில் வருகிறது. சாமப் பூசை என்று பெயர்தான், அது இரவுச் சாப்பாட்டுக்கு முதலே முடிந்துவிடுகிறது. அதற்கும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதெல்லாம் ஒரு நத்தாரா?

முந்தி எப்படி இருந்தது! வீட்டில் கேக் சுட அடுப்பு இல்லாத காலம். நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் இருக்க, எங்கள் பெண்கள் கேக் மாவைத் தட்டில் ஊற்றி, மேலே கத்தியால் ஒரு குருசு கீறி, துறைமுக வீதியில் உங்கள் பேக்கரிக்கு வரிசையாகக் கொண்டு வருவார்கள். பாண் சுட்டு முடிந்த உங்கள் செங்கல் அடுப்பில், அந்தப் போறணையின் மிச்சச் சூட்டில் நீங்கள் அதைச் சுட்டுக் கொடுப்பீர்கள். கூலி வாங்குவதில்லை. தட்டுக்கு ஒரு மூலைத் துண்டு வெட்டி எடுப்பீர்கள், அவ்வளவுதான். துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகும் எங்களுக்கு அந்த வாசத்தில்தான் நத்தார் வந்துவிட்டது என்று தெரியும்.

அதைத் திரும்பவும் செய்ய வேண்டும். பேக்கரி மூடிக் கிடந்தாலும் போறணை இன்னும் இருக்கிறதுதானே, 22ஆம் திகதி காலை அதை மூட்டித் தாருங்கள். பாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்து விடுவார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்காக வீடியோவும் எடுப்போம்.

இன்னொன்று. என் மகள் மெலனி ஒன்பது வருடத்துக்குப் பிறகு மெல்பேர்னிலிருந்து வருகிறாள். தாயின் செத்தவீட்டுக்கும் வர முடியாமல் போனவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, அம்மா செய்யிற மாதிரி, அந்தப் போறணையில சுட்ட கேக் வேணும்." வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பழசுகளை மனதில் வைத்திருக்காமல் உடன் பதில் போடவும்.

இப்படிக்கு,
மா. தம்பிராசா


கிண்ணியா
05.12.2024

கிளாக்கர் ஐயாவுக்கு,

போன் எடுக்கல்ல எண்டு குறை சொல்லி இருக்கீங்க. உங்கட நம்பர் எண்டு தெரிஞ்சுதான் எடுக்கல்ல. கடுதாசி எண்டா சரி, வாசிச்சுட்டுக் கிழிக்கலாம்.

பழச மனசுல வெச்சிருக்க வேணாமாம். நல்ல கதை. பழைய நத்தார் மட்டும் வேணும், மத்தப் பழசெல்லாம் நான் மறக்கணும்.

நான் மறக்கல்ல ஐயா. உயிர்த்த ஞாயிறுக்குக் கோயில்கள்ல குண்டு வெடிச்ச வருஷம், வெச்சவனுகள் முஸ்லிம் பேர்க்காரனுகள். அதுக்குப் பொறகு எங்கட பேக்கரிக்குப் பாண் வாங்க வாற சனம் கொறஞ்சி போச்சு. நான் வாய் தொறக்கல்ல. நத்தாருக்கு வருவாங்க, சண்டைக் காலத்துல ஊரடங்குக்கு நடுவுலயும் தட்டோட வந்த சனம்தானே எண்டு நெனச்ச. தட்டு வாற அண்டு விடிய சுபஹு தொழுதுட்டு வந்து நான் போறணைய மூட்டின. என்ட மனிசி ஸுல்பிகா தட்டு வெக்கிற பலகையெல்லாம் கழுவித் தொடச்சு வெச்சா. ஒரு தட்டு வரல்ல.

வெயில் ஏறினாப் பொறகு நீங்க சைக்கிள்ள வந்தீங்க. பின்னுக்குக் கட்டி இருந்தது சீலா அக்காட தட்டு. அவ மூடுற துணி எனக்குத் தெரியாதா? ஸுல்பிகா சந்தோசத்துல வாசலுக்கு ஓடி, "கிளாக்கர் ஐயா" எண்டு கூப்பிட்டா. நீங்க மிதிச்சிக்கிட்டுப் போனீங்க, அங்கால இருக்கிற மத்தப் பேக்கரிக்கு. திரும்பியும் பாக்கல்ல. அவ வாசல்லயே நிண்டா. அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகல்ல.

பொறகு கதையும் வந்திச்சு. தாஹிர் தட்ட உள்ளுக்குத் தள்ளக்குள்ள பிஸ்மி சொல்றான், அந்தக் கேக் நமக்கு வேணாம் எண்டு உங்கட சபையில பேசினதாம். ஓம், சொன்ன. முப்பது வருஷமா சொன்ன. உங்கட பொம்பளைகள் குருசு கீறி அனுப்புவாங்க, நான் பிஸ்மி சொல்லி, அல்லாஹ்ட பேரால தள்ளுவன். ஒரு வருஷமாவது கேக் பொங்காம விட்டதா?

இப்ப தீர்த்தம் தெளிக்க வாறாங்களாம். என்ட போறணைக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?

பேக்கரி மூடி நாலு வருஷம் ஆகுது. தை மாசம் போறணைய இடிச்சுட்டுக் கடைய போன் கடைக்காரனுக்குக் குடுக்கப் போறம். மூட்ட ஏலா. மெலனிக்கு ஸலாம் சொல்லுங்க. அவள்ள எனக்குக் கோவம் இல்ல.

தாஹிர்


லிங்கநகர்
08.12.2024

தாஹிர்,

உமது கடிதம் கிடைத்தது. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த உயிர்த்த ஞாயிறு என்ர தங்கச்சி மட்டக்களப்பில கோயிலுக்குப் போனவள். பேத்தியைத் தேடி ஆஸ்பத்திரி வாசல்ல சோறு தண்ணி இல்லாமல் நிண்டவள். பிள்ளை பிழைச்சிட்டுது, ஆனால் இண்டைக்கும் ஒரு காது கேக்காது. அந்த வருஷம் உம்மட கடை வாசல்ல சைக்கிளை நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை. அது பிழையெண்டால் பிழையாகவே இருக்கட்டும். நீர் குண்டு வைத்தனீர் எண்டு நான் எங்கேயாவது சொன்னனானா? சபையில அந்த பிஸ்மிக் கதையை எடுத்ததும் நான் இல்லை. பேசினவை பேசிச்சினம், நான் இருந்து கேட்டனான், அவ்வளவுதான்.

நீர் மட்டும் என்ன பெரிய நியாயவாதியோ? நோன்புப் பெருநாளுக்கு உங்கட வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வாறதும் அந்த வருஷத்தோடதான் நிண்டது. வாய்க்கு வாய் "சீலா அக்கா, சீலா அக்கா" எண்டீரே, அவள் செத்த அண்டைக்கு நீர் எங்க? அவளின்ர பெட்டியில ஒரு பூ வைக்க உமக்கும் ஏலாது, உம்மட மனிசிக்கும் ஏலாது. நான் அதைப் பற்றி யாரிட்டையும் மூச்சு விடேல்லை. இப்ப நீர் வாயைக் கிளறினபடியால் சொல்லுறன்.

தீர்த்தம் வேண்டாமெண்டால் விடும். வீடியோவும் வேண்டாம். அதைச் சபைக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். போறணையை மட்டும் மூட்டித் தாரும். எங்கட வீட்டில நத்தார் எண்டு ஒன்று இப்ப இல்லை தாஹிர். மகன் டிலான் ஒரு சோடனை லைற்றைக் கொழுவிப்போட்டு போனோட படுத்துவிடுவான். நான் கதிரையில இருந்து அந்த லைற்றைப் பார்த்துக்கொண்டிருப்பன். மெலனி 20ஆம் திகதி வந்து இறங்கப் போறாள். அவளை இந்த வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்து எதைக் காட்ட?

தம்பிராசா


கிண்ணியா
12.12.2024

கிளாக்கர் ஐயாவுக்கு,

சீலா அக்கா மௌத்தான அண்டைக்கு நானும் ஸுல்பிகாவும் வந்த. கொரோனாக் காலம். கேற்றுல டிலான் நிண்டான். "குடும்பத்து ஆக்களுக்கு மட்டும்தான் விடலாம் மாமா" எண்டு அழுதழுது சொன்னான். அவன்ல பிழை இல்ல, அப்ப சட்டம் அப்பிடி. ரோட்டுக்கு அங்கால, மதில் ஓரத்துல, பெட்டி போற வரைக்கும் மழைக்குள்ள நிண்ட. நீங்க எங்களக் கண்டீங்க. கண்டுட்டு முகத்தத் திருப்பினீங்க. இப்ப எங்க போன எண்டு கேட்டு எழுதுறீங்க. உங்களுக்கு வெக்கம் எண்டு ஒண்டு இருக்கா?

நான் இடிக்கிற எண்ணத்துலதான் நிண்ட. ஸுல்பிகா விடுறா இல்ல. "சீலா அக்காட புள்ள வாய்விட்டுக் கேட்டிருக்கு, மூட்டிக் குடுங்க" எண்டு சொல்லிட்டு, சோத்தப் போட்டு வெச்சுட்டு மூஞ்சத் தூக்கிக்கிட்டுத் திரியிறா. மனிசிட மூஞ்சி அப்பிடி இருந்தா எனக்குச் சோறு எறங்காது. சரி, மூட்டுறன். உங்களுக்கு இல்ல, மெலனிக்கு.

ஒண்டு மட்டும் சொல்லி வைங்க. இப்ப இருக்கிற புள்ளைகளுக்குத் தெரியாம இருக்கும். மாவுல பிராந்தி, சாராயம் ஒண்டும் இருக்கப்படாது. என்ட போறணைக்குள்ள ஒரு நாளும் அது வந்ததில்ல. முதல் முதல் தட்டுக் கொண்டு வந்த அண்டைக்கே சீலா அக்கா சொன்னவ, "தாஹிர், எங்கட ஆக்கள் நத்தார் கேக்குக்குப் பிராந்தி சேக்கிறவை, ஆனா உங்கட போறணைக்குள்ள அது வராது, நான் பொறுப்பு" எண்டு. மத்தப் பொம்பளைகளுக்கும் அவதான் சொல்லி வெச்ச. அந்த வாக்க நம்பித்தான் எங்கட வாப்பா, ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிசன், அந்த மூலைத் துண்டப் பேரப்புள்ளைகளுக்கு ஊட்டிட்டுத் தானும் திண்டவர்.

22 காலையில தட்டுகளக் கொண்டு வரச் சொல்லுங்க. நீங்க வந்தா அங்கால தள்ளி நில்லுங்க. உங்களோட கதைக்க எனக்கு ஒண்டும் இல்ல.

தாஹிர்


லிங்கநகர்
15.12.2024

தாஹிர்,

தள்ளி நிற்கிறதோ கிட்ட நிற்கிறதோ அது என்ர விருப்பம். அந்த வீதி உம்மட முதுசம் இல்லை.

அது கிடக்க, உமது கடிதத்தை வாசிச்சுப்போட்டு நான் சிரிச்ச சிரிப்பில டிலான் எழும்பி வந்து என்னப்பா எண்டு கேட்டான். சீலாவின்ர கேக்கில பிராந்தி இல்லையாம்! ஐயோ தாஹிர்! வருஷா வருஷம் மார்கழி பிறக்க முதல் போத்தலை வாங்கி அவளின்ர கையில குடுக்கிறவன் நான். கப்பல் ஆக்களிட்டச் சொல்லி எடுக்கிற நல்ல சாமான். நத்தார் அண்டு அந்தக் கேக்கில ஒரு துண்டை வாயில வைச்சால் மூக்கில ஏறும். போத்தல் பிறகு குசினி வாசல்ல வெறுமையாகக் கிடக்கும். என்ர வீட்டுக் கேக்கில என்ன கிடந்தது எண்டு கிண்ணியாவில இருந்துகொண்டு நீர் எனக்குச் சொல்லித் தாறீரோ?

அப்ப கேளும். முப்பது வருஷமா நீர் பிஸ்மி சொல்லிச் சுட்டது எங்கட பிராந்தியைத்தான். உம்மட ஹாஜியார் வாப்பா சப்பிச் சப்பித் திண்டதும் அதைத்தான். சீலா உம்மட மனம் நோகக் கூடாது எண்டு ஏதோ சொல்லிச் சமாளிச்சிருப்பாள். அவள் அப்பிடித்தான், ஆளுக்கு ஏற்ற மாதிரிக் கதைப்பாள். நீர் நம்பிவிட்டீர்.

முப்பது வருஷம் ஒண்டும் நடக்கேல்லை, இந்த ஒரு வருஷத்தில என்ன நடந்துவிடப் போகுது? சபைப் பெண்கள் பழங்களைப் பிராந்தியில ஊறப்போட்டுவிட்டினம். இனி மாத்த ஏலாது. பிகு பண்ணாமல் சொன்ன நாளைக்குப் போறணையை மூட்டும்.

தம்பிராசா


கிண்ணியா
18.12.2024

உங்கட கடுதாசிய ஸுல்பிகாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டின நான்தான் மடையன். பாதியில நிப்பாட்டி இருக்கணும். அவ எழும்பிப் போய்க் குசினிக் கதவச் சாத்திக்கிட்டா.

வாப்பா கடைசி நேரம் பாயோட கெடக்கக்குள்ள, பல்லும் இல்ல, "நத்தார் கேக் வந்திச்சா மகன்" எண்டு கேட்டவர். நான் தேத்தண்ணியில நனச்சு என்ட கையால ஊட்டின. ஹறாம் எண்டு ஒண்ட வாழ்க்கையில தொட்டுப் பாக்காத மனிசனுக்கு நான் ஊட்டி இருக்கன். அத நீங்க சிரிச்சுக்கிட்டு எழுதி இருக்கீங்க.

உங்களப் பத்தி எனக்கு ஆச்சரியம் இல்ல. நீங்க அப்பிடியான ஆள்தான். சீலா அக்கா எப்பிடி இதச் செஞ்ச? வாக்கும் தந்துட்டு, வருஷா வருஷம் என்ட மூஞ்சப் பாத்துச் சிரிச்சு, "மூலையப் பெரிசா வெட்டுங்க தாஹிர், புள்ளைகள் இருக்குதுகள்" எண்டு சொல்லுவாவே. பொய்க்காரி. சொந்த அக்காவப் போல வெச்சிருந்தம்.

நேத்து மகன் றிஸ்கானக் கூட்டிக்கிட்டு டவுனுல இருக்கிற கடைக்குப் போன. தை மாசம் வரைக்கும் வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலா. போறணைய இடிச்சுப் போட்டம். இப்ப அங்க கல்லுக் குவியல்தான் கெடக்கு. உங்கட பழங்கள எங்க வேணுமெண்டாலும் கொண்டு போய்ச் சுடுங்க.

இனி எனக்கு எழுத வேணாம்.

தாஹிர்


லிங்கநகர்
22.12.2024

தாஹிர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க ஏலாது. தபாலில் போட்டால் சுணங்கும் என்று டிலானிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மெலனி முந்தநாள் வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகப் போறணையைத்தான் கேட்டாள். இடித்த கதையைச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நீங்கள் எழுதியதையும் நான் எழுதியதையும் சொன்னேன். அவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. "அப்பா, நீங்கள் ஒரு நாளாவது எங்கட குசினிக்குள்ள வந்து பாத்தனீங்களா?" என்று கேட்டாள்.

மாவில் ஒரு சொட்டும் இல்லையாம் தாஹிர். நான் வாங்கிக் கொடுக்கிற போத்தலைச் சீலா திறக்கிறதே, நீங்கள் சுட்டு, உங்கள் மூலையை வெட்டி எடுத்து, கேக் வீட்டுக்கு வந்த பிறகுதானாம். பிள்ளைகள் இரண்டு பேரையும் நிலத்தில் இருத்தி, ஈர்க்குக் குச்சியால் கேக் முழுக்கக் குத்தச் சொல்லி, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துணி சுற்றி வைப்பாளாம். அதையும் வேறு தட்டில் மாற்றி வைத்துத்தான் செய்வாளாம். ஒருமுறை மெலனி விளையாட்டாகப் போத்தலை மாவுக்குக் கிட்டக் கொண்டு போனதற்கு முதுகில் நல்ல அடி. "அது தாஹிர் மாமாவின்ர போறணைக்குப் போற தட்டு" என்று சொல்லிச் சொல்லி அடித்தாளாம். டிலானுக்கும் தெரியுமாம். ஏனடா சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்கள் எங்க கேட்டனீங்கள் அப்பா" என்கிறான்.

இவ்வளவும் என்ர வீட்டுக்குள் நடந்திருக்கிறது. நான் விறாந்தையில் இருந்து பேப்பர் படித்திருக்கிறேன். கேக் மேசைக்கு வந்த பிறகுதான் எனக்கு நத்தார். பழைய நத்தார், பழைய நத்தார் என்று சபையில் மைக் பிடித்துக் கத்தினேன். அதை நடத்தினவளிடம் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

சீலா உங்களுக்குச் சொன்ன வாக்கில் பிசகவில்லை. தெரியாமல் வாய் விட்டவன் நான்தான். ஆனாலும் தாஹிர், நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உங்களுக்கு அவளைத் தெரியாதா? எடுத்த எடுப்பில் போறணையை இடிக்க அலவாங்கைத் தூக்கினால் நான் என்ன செய்ய? மெலனி வந்த நேரம் தொடங்கி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை. நாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்கு வரட்டா? நேரில் கதைப்போம்.

தம்பிராசா


கிண்ணியா
22.12.2024

கிளாக்கர் ஐயாவுக்கு,

டிலான வாசல்ல இருத்தி வெச்சுட்டு இத எழுதுறன்.

உங்கட கடுதாசிய ஸுல்பிகாதான் முதல்ல வாசிச்ச. இந்த முற என்ட கையில தரல்ல. வாசிச்சுட்டு அழுதா, பொறகு என்னப் பாத்து, "அந்த மனிசன்தான் அறியாம எழுதினாரு, ஒங்களுக்கு எங்க போச்சு புத்தி" எண்டு கேட்டா. நீங்க கேட்டதும் அதையேதான். உங்களோட நான் ஒத்துப் போற விஷயம் அது ஒண்டுதான்.

போறணைக்காக நான் கவலப்படல்ல. எப்பிடியும் தையில போக இருந்ததுதான்.

ஆனா சீலா அக்கா மௌத்தான நாள்ல இருந்து, மார்க்கத்துல கூடுமோ கூடாதோ தெரியா, தொழுதுட்டு அவவுக்காகவும் அல்லாஹ்கிட்ட ரெண்டு வார்த்தை கேப்பன். யாருக்கும் சொன்னதில்ல, ஸுல்பிகாவுக்கும் தெரியா. உங்கட கடுதாசி வந்த அண்டோட அத நிப்பாட்டின. நிப்பாட்டினது மட்டும் இல்ல, தொழுற அதே பாயில இருந்துக்கிட்டு அவவ ஏசின. வஞ்சகி எண்டு ஏசின. போறணைக்கு அலவாங்க ஓங்கக்குள்ள, அவட பேரச் சொல்லித்தான் முதல் அடி அடிச்ச. றிஸ்கான் என்ட கையப் புடிச்சான், "வாப்பா, மௌத்தான ஆளப் பேசாதீங்க" எண்டு. கேக்கல்ல நான்.

அவ உசிரோட இருந்தா இப்பவே ஓடி வந்திருப்பன். கேற்றுக்கு வெளியில நிக்க வெச்சாலும் நிண்டு, கையெடுத்துக் கும்பிட்டு மாப்புக் கேட்டிருப்பன். அவவும், "போங்க தாஹிர், விசர்க்கதை கதைக்காம" எண்டு சொல்லி ஒரு தேத்தண்ணி தந்திருப்பா. இப்ப நான் யாருக்கிட்டப் போய்க் கேக்க? சொல்லுங்க ஐயா. படிச்ச மனிசன்தானே நீங்க.

சைக்கிள்ள போனத்த நான் ஒரு நேரம் மன்னிச்சாலும் மன்னிப்பன். உங்கட தங்கச்சிட பேத்திட கதைய வாசிச்ச அண்டு பாதி மன்னிச்சும் போட்டன், உங்களுக்குச் சொல்லல்ல. மௌத்தான அவவ என்ன ஏச வெச்சீங்களே, இத மன்னிக்க ஏலா.

மெலனிய நாளைக்கு அனுப்புங்க. எங்கட மகள் ரிஸ்னாட வீட்டுல கரண்டு அடுப்பு ஒண்டு இருக்கு. சீலா அக்காட அளவெல்லாம் ஸுல்பிகாவுக்கு மனப்பாடம், கேக்குக்கு ரவை வாங்கக் கடைக்கு இப்பவே வெளிக்கிட்டுட்டா. டிலானும் வரட்டும், மத்தியானம் சோறு திண்டுட்டுப் போகலாம்.

நீங்க வராதீங்க.

தாஹிர்